தகரத்திலே பொறித்த எண்

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 28ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியிலே ஓர் ஈயப்பெட்டி பலர் பார்த்திருக்கத் திறக்கப்பட்டது. போலந்து நாட்டுப் பொறியியலாளர் கொஸ்கியூஸ்கோவின் நினைவுச் சின்னத்தின் அடியிலே ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கிடந்த பெட்டி அது. உள்ளே இருந்ததோ வண்டல் மண். கூடியிருந்தோர் ஏமாந்து போயினர். ஆயின், அந்த மண்ணைப் பின்னர் பொறுமையுடன் கிளறிய தொல்லியலாளருக்கு, 1795 முதல் 1828 வரையிலான ஆறு வெள்ளி நாணயங்களும் ஈரிக் கால்வாயின் ஞாபகமாக 1826இல் வெளியான பதக்கம் ஒன்றும் கிடைத்தன. கடதாசி ஏதும் வைத்திருந்தார்களாயின் அது மண்ணோடு மண்ணாயிற்று, உலோகமே எஞ்சியது.

இத்தகைய காலப்பேழைகளைப் புதைத்தோர் பெரும்பாலும் பெரிய மனிதர்களே. பொஸ்ரன் நகரிலே மாசச்சூசெற்ஸ் அரசமன்றின் அத்திவாரக் கல்லின் கீழ் 1795இல் சாமுவேல் அடம்ஸ், போல் றெவியர் முதலானோர் வைத்த நாணயங்கள் 1855இல் வெளிப்பட்டன. அன்று அவற்றை அமிலமிட்டுக் கழுவி, தம் காலத்து நாணயங்களையும் சேர்த்து மீண்டும் கல்லுக்குள் வைத்தனர். 2015இல் பேழை திறக்கப்பட்டபோது 1652ஆம் ஆண்டைப் பொறித்த ஷில்லிங் ஒன்றும் அதிலே இருந்தது. அவ்வாண்டிலேயே அது புதிய நாணயங்களுடன் பழைய இடத்துக்கே திரும்பியது. அங்கே விற்பனை என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. வைத்தவர் பெயரும் தெரியும், பெறுபவர் பெயரும் தெரியும்.

ஆனால் பழைய ஆலையொன்றை உடைக்கும்போதோ, தோட்டத்துக் காரியாலயத்தின் மரத்தளத்தைப் பெயர்க்கும்போதோ வெளிப்படும் தகரப் பெட்டியின் நிலை வேறு. அதிலே அரசனின் தலை பொறித்த காசு இராது. கம்பனியின் பெயரோ வெறும் எண்ணோ பொறித்த வில்லைகள் இருக்கும். டோக்கன் என்று பொதுவாகச் சொல்லப்படும் இவற்றை அறியாமலே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆயினும் அதுவும் காலப்பேழைதான். கண்டெடுத்தவன் கேட்கும் முதற் கேள்வி ‘இதற்கு என்ன விலை?’ என்பது. அக்கேள்வியை நாம் இகழ்வதற்கில்லை. ஆயின் அதற்கு முன்னர் கேட்கவேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு: இது யாருடைய கையில் இருந்தது?

வில்லையின் வரலாறு தொழிலின் வரலாறேயாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே இங்கிலாந்தின் அரச நாணயசாலை செப்புக் காசு அடிப்பதைப் பெரிதும் கைவிட்டிருந்தது. ஆலைகளும் சுரங்கங்களும் பெருகின. வாரந்தோறும் கூலி கொடுக்கச் சில்லறை இல்லை. 1787இல் வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சித் தீவிலிருந்த பாரிஸ் செப்புச் சுரங்கக் கம்பனி தானே பென்னி அடித்தது. அதே ஆண்டிலே இரும்பாலை அதிபர் ஜோன் வில்கின்சன் தம்முடைய முகத்தையே தம் வில்லையிற் பொறித்துக்கொண்டார். காசில் முகம் பொறிப்பது மன்னனின் உரிமை என்றிருந்த உலகிலே ஓர் ஆலை முதலாளியின் முகம் தொழிலாளியின் உள்ளங்கையில் வந்து விழுந்தது. ஆட்சி எவர் கைக்கு மாறிக்கொண்டிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சாசனம் ஒன்றை நாம் கண்டதில்லை.

எதிர்க்குரலும் அதே செம்பிலே எழுந்தது. நிலம் அனைவருக்கும் பொது என்று வாதித்து அதற்காகச் சிறையும் சென்ற இலண்டன் புத்தக வியாபாரி தோமஸ் ஸ்பென்ஸ், 1790களிலே அரசியல் வில்லைகளை அடித்துப் பரப்பினார். அதே ஆண்டுகளிலேயே இன்னொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. வில்லைகளைச் சேர்க்கும் மோகம் கனவான்களிடையே பரவ, எவருக்கும் கூலியாகப் போகாத, சேகரிப்போருக்காகவே அடித்த வில்லைகள் சந்தைக்கு வந்தன. 1798இல் ஜேம்ஸ் கொண்டர் என்ற துணி வியாபாரி அவற்றுக்கெல்லாம் பட்டியல் வெளியிட்டார். இன்றும் சேகரிப்போர் அவற்றைக் கொண்டர் வில்லைகள் என்றே அழைக்கின்றனர். சுரங்கத்தில் இறங்கியவன் பெயர் அல்ல, பட்டியல் போட்டவர் பெயரே நிலைத்தது.

கம்பனி தந்த வில்லை கம்பனியின் கடையிலேயே செல்லும் என்ற நிலை வந்ததும் அது விலங்காயிற்று. ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால், கூடிய விலைக்கு மாவும் தேயிலையும் விற்று, முதலாளி திரும்பப் பெற்றுக்கொண்டான். நீண்ட கிளர்ச்சியின் பின்னர் 1831ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட தொழில்களிலே கூலியை நாட்டின் செல்லுபடியான நாணயத்திலேயே கொடுக்கவேண்டும் என்று விதித்தது. அச்சட்டம் பெரிய பிரித்தானியாவுக்கு உரியது. குடியேற்ற நாடுகளின் உழைப்பாளிக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை.

இலங்கைக்கு வருவோம். கொழும்பு வேகந்தை ஆலையின் பெயரும் 1843 என்ற ஆண்டும் பொறித்த வில்லை நாணயவியலார் நன்கறிந்த ஒன்று. அது கோப்பிக் காலம். மலைநாட்டிலிருந்து வண்டிகளில் இறங்கிய கோப்பி கொழும்பின் களஞ்சியங்களிலே உலர்த்தப்பட்டு, தோல் நீக்கப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டது. கொட்டை பொறுக்கியோர் பெரும்பாலும் பெண்கள். செய்த வேலைக்கு அடையாளமாக வில்லை கொடுத்து, பின்னர் அதைப் பெற்றுக்கொண்டு காசு கொடுத்தனர். நேர்மையாகச் சொல்வதாயின், இங்கிலாந்தின் கடை வில்லையும் இதுவும் ஒன்றல்ல. இது கணக்குக்கான வில்லை. எனினும் கணக்கு எவர் கையில் இருந்தது என்பது இரண்டிலும் ஒன்றே.

1869இல் இலைநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. வில்லைகள் மட்டும் எஞ்சின. 1895இல் லோஸ்லி என்பவர் இலங்கையின் நாணயங்களோடு இவற்றையும் வரிசைப்படுத்தி எழுதினார். 1924இல் கொட்றிங்ரனின் நாணய நூலைக் கொழும்பு நூதனசாலை வெளியிட்டது. இவ்வறிஞர்களின் உழைப்புக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் வில்லைகளை வகைப்படுத்தும் மரபு கம்பனியின் பெயர், உலோகம், விட்டம் என்றே சென்றது. கோப்பி பொறுக்கிய பெண்ணுக்கு அதிலே ஒரு நிரலும் இல்லை.

இனி, நம் மனத்தை மிகவும் வருத்துவது வேறொரு வில்லை. 19ஆம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளையை நோக்கிக் காட்டுவழியே கால்நடையாகச் சென்றனர். வழியிலேயே மாண்டோர் பலர். 1901ஆம் ஆண்டளவில் தகர டிக்கெட் முறை வந்தது. ஆள் பிடிக்கப்பட்ட இடத்திலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தகர வில்லை கொடுக்கப்பட்டது. தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் ஆளைக் குறிக்கும் எண்ணும் அதிலே பொறிக்கப்பட்டிருந்தன. அதைக் கயிற்றிற் கோத்து உடலிலே கட்டிக்கொண்டனர். கப்பலும் புகையிரதமும் அந்த எண்ணைப் பார்த்து ஆளை ஏற்றின. செலவு பின்னர் தோட்டத்தின் கணக்கிலே விழுந்தது. தோட்டம் அதைக் கடனாகத் தொழிலாளியின் தலையிலே இறக்கிவைத்தது.

பொதியொன்றின்மீது விலாசம் ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நிர்வாகத்தினர் இதனைச் சீர்திருத்தம் என்றே கருதினர். காட்டுவழி நடையை எண்ணும்போது அதில் ஓரளவு உண்மை இருக்கவே செய்தது. ஆனால் அந்தத் தகரத்திலே மனிதனின் பெயர் இல்லை. தோட்டத்துக்கு வந்தபின் பெயர் கிடைத்தது, அதுவும் செக்றோலிலே. அங்கே பெயர் என்றால் ஒரு நாள் வேலை. பிந்தி வந்தவனுக்கும் கொழுந்து குறைந்தவளுக்கும் அரைப்பேர். மனிதனின் பெயரையே கூலியின் அளவுகோலாக்கி, அதையும் பாதியாக வெட்டலாம் என்று கண்டுபிடித்த மொழி நம் மலைநாட்டுத் தோட்டத் தமிழ். வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின் ‘துண்டு’ வேண்டும். இன்ன கடனைத் தீர்த்தால் இந்த ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதும் சீட்டு அது. 1921இலேயே அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பின்னர் 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ், மணமானோர் ஏழு ஆண்டும் ஏனையோர் பத்து ஆண்டும் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின; ஏறத்தாழ 134,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. எண் கொடுத்து ஏற்றி இறக்கிய தலைமுறையின் பிள்ளைகளிடம் ‘கடதாசி எங்கே?’ என்று கேட்டனர்.

ஆகவே, இத்தகைய தகரங்கள் நிறைந்த ஒரு பெட்டி இன்று ஒரு சுவருக்குள்ளிருந்து வெளிப்படுமாயின், அது அலங்காரப் பொருளன்று, சாட்சியம். அதைச் சட்டம் காக்கும் என்று நாம் இருந்துவிட முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என வரையறுத்தது. கண்டி இராச்சியம் கைமாறிய நாள் அது. அதாவது, தோட்டத் தொழிலாளி இந்நாட்டிலே விட்டுச்சென்ற எந்தப் பொருளும் அவ்வரையறைக்குள் அடங்காது. அரசனின் காசு பொதுச் சொத்து. கூலியின் தகரமோ கண்டவன் கைச்சரக்கு.

விற்றால் என்ன நிகழும்? வியாபாரி பெட்டியைப் பெட்டியாக வாங்குவதில்லை. நல்லவற்றைப் பொறுக்கி, துலக்கி, ஒவ்வொன்றாக விற்பான். நூறு எண்கள் ஓரிடத்தில் இருக்கும்வரை அவை ஒரு தோட்டத்துக்கு எத்தனை பேர் வந்தனர், எந்த எண்கள் தொடர்ந்தன, எவை இடையில் விடுபட்டன என்று பேசும். நூறு கைகளுக்குப் பிரிந்தபின் ஒவ்வொன்றும் ஊமை. பொஸ்ரனில் 1855இல் செய்ததுபோல் அமிலமிட்டுக் கழுவினால் மெல்லிய தகரத்திலே எண்ணே மிஞ்சாது போகலாம்.

கொடுப்பதே தகும் என்பது நம் துணிபு. ஆயின், கண்டெடுத்தவன் லயத்துக் காம்பிராவிலே வாழ்பவனாயின் அவனிடம் போய்த் தியாகத்தைப் போதிக்க நாம் விரும்பவில்லை. அவனுடைய பாட்டனின் கழுத்திலே தொங்கியதை அவன் இலவசமாகக் கொடுக்கவேண்டும், துரைமாரின் தளபாடங்களை மட்டும் பணம் கொடுத்து வாங்கவேண்டும் என்பது நியாயமாகாது. பெற்றுக்கொள்ளும் நிறுவனம் உரிய ஈட்டுத் தொகையை அவனுக்குக் கொடுக்கட்டும். முழுப் பெட்டியாகவே பெற்றுக்கொள்ளட்டும்.

யாருக்குக் கொடுப்பது என்பதும் சிறிய விடயமன்று. கொழும்பு நூதனசாலையின் நாணயப் பகுதியிலே அது மற்றொரு நாணயமாகிவிடும். அந்தானையில், பழைய தேயிலைத் தொழிற்சாலையிலே அமைந்த நூதனசாலையில் இயந்திரங்களுக்கு நடுவே அது மற்றொரு கருவியாகிவிடும். கம்பளைப் பகுதியிலே, பழைய பீகொக் தோட்டத்து லயமொன்றிலே, 2007இல் தொழிலாளருக்கெனவே ஒரு நூதனசாலை அமைக்கப்பட்டது. அம்மியும் குடமும் கொழுந்துக் கூடையும் வைக்கத்தக்க இடம் அது. தகரத்துக்கும் அதுவே பொருந்தும் என்று நாம் எண்ணுகிறோம்.

எங்கே போனாலும், போகுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. பெட்டி கிடந்த சுவரையும் அறையையும் தோட்டத்துப் பிரிவையும் அன்றைக்கே எழுதிவைக்கவேண்டும். எண்களை ஒன்றும் விடாமல் படியெடுக்கவேண்டும். அதே காரியாலயத்திலே பழைய செக்றோலோ கங்காணிமாரின் கணக்கேடோ கறையானுக்குத் தப்பிக் கிடக்கிறதா என்று தேடவேண்டும். பின்னர் அந்தப் பட்டியலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலிலே, முதியவர்கள் கூடும் ஒரு மாலைப் பொழுதில், உரத்து வாசிக்கவேண்டும். எந்த எண்ணுக்கு எவர் பெயர் சொல்வார் என்பதை வாசித்துப் பார்த்தபின்னரே அறியலாம்.