படம் அழிந்தாலும் பேச்சு நிற்கும்

சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், தமக்குத் துணைநின்ற இசை, நாடக நூல்களைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறார். மதிவாணர் நாடகத்தமிழ் நூல் அவற்றுள் ஒன்று. அந்நூல் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. எனினும், அப்படியொரு நூல் இருந்தது என்பதையும் அது பேசிய செய்திகள் சிலவற்றையும் நாம் அறிவோம். உரையாசிரியர் ஒருவர் அதைப் படித்தார், படித்ததை எழுதிவைத்தார். நம் காலத்துக் கலையாகிய சினிமாவுக்கும் அதன் பாடல்களுக்கும் இக்கதி பொருந்துமா என்பதே இவ்வுரையின் பொருள்.

தமிழின் முதற் பேசும் படம் எனப்படும் 'காளிதாஸ்', 1931 ஒக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் திரையிடப்பட்டது. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார். இன்று அதன் பிரதி ஒன்றும் இல்லை. விளம்பரங்களும் அன்றைய பத்திரிகைக் குறிப்புகளுமே அதன் வரலாறாக எஞ்சியுள்ளன. பார்த்தவர்கள் எழுதாமல் விட்டிருந்தால், 'காளிதாஸ்' வெறும் பெயராகவே நின்றிருக்கும்.

அந்த 1930களிலேயே ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதிய இசை விமர்சனங்கள் புகழ்பெற்றன. கச்சேரி நன்றாக இருந்தது என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வதில்லை. எது நன்று, எது நன்றன்று, ஏன் என்று சாதாரண வாசகருக்கும் புரியும்படி சொன்னார். அதே விகடன் பிற்காலத்தில் படங்களுக்கு மதிப்பெண் இடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' பெற்ற 62.5 மதிப்பெண்ணை ரசிகர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எதற்காக அந்த மதிப்பெண் வழங்கப்பட்டது என்று கேட்டால், சொல்லக்கூடியவர் சிலரே.

ரசிகர் அபிப்பிராயத்தின் வரலாற்றில் நமது கொழும்புக்கும் பெரிய பங்குண்டு. 1952இல் இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுப்பன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அப்பாடல்கள் அருகிப்போயின. அவற்றைக் கேட்க விரும்பிய இந்திய நேயர்கள் ரேடியோ சிலோன் பக்கம் திரும்பினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' ஆரம்பமாயிற்று. நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவாகும், ஒலிபரப்பாவது கொழும்பிலிருந்து. தொடக்கத்தில் ஏழு பாடல்களை ஒலிபரப்பி, அவற்றை விருப்ப வரிசையில் அடுக்கி அனுப்பும்படி நேயர்களைக் கேட்டார்கள். முதல் வாரத்தில் ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்தனவென்றும், ஓராண்டுக்குள் அது வாரத்துக்கு 65,000 ஆயிற்றென்றும் சயானி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இத்தனையையும் வாசித்துத் தீர்ப்பது யார்? பின்னர் இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் வாக்குகளையும் கொண்டு வரிசை தயாரிக்கப்பட்டது. அன்று பீகாரில் இருந்த ஜும்ரி திலையா என்ற மைக்காச் சுரங்கச் சிற்றூர், இடைவிடாது விருப்பக் கடிதம் எழுதியே இந்தியா முழுவதும் பெயர்பெற்றது.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் பின்தங்கி நிற்கவில்லை. எஸ். பி. மயில்வாகனன் போன்றோரின் குரலுக்குத் தமிழ்நாட்டிலும் பெருந்தொகையான நேயர்கள் இருந்தார்கள். படிப்போ பதவியோ பாராமல், தபாலட்டை வாங்க வசதியுள்ள எவருக்கும் ஒரு பாடலைப் பற்றிச் சொல்ல இடம் கிடைத்தது. ரசனை பண்டிதரின் தனிச்சொத்து என்ற எண்ணத்துக்கு விழுந்த நல்ல அடி அது. ஆயினும் வரிசையும் வாக்கும் எந்தப் பாட்டு பிடித்தது என்பதைத்தான் சொல்லும். அக்காலத்து மக்கள் அதில் எதைக் கண்டு உருகினார்கள் என்பதை அறிய, யாராவது நாலு வரி எழுதியிருக்கவேண்டும்.

இந்தக் குறையின் விலையை உணர, நம் நாட்டுத் தமிழ்ப் படங்களைப் பார்த்தால் போதும். 1962இல் 16 மில்லிமீற்றரில் 'சமுதாயம்' வந்தது. 1963இல் 'தோட்டக்காரி', 1972இல் 'குத்துவிளக்கு', 1978இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' எனத் தொடர்ந்தன. சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாண வாழ்வை வைத்து எடுத்த 'பொன்மணி' 1977இல் திரைக்கு வந்தது. சாதியையும் சீதனத்தையும் பேசிய அப்படம் வசூலில் தோற்றது. தியேட்டரில் எண்ணப்பட்ட தலைகளை மட்டும் நம்பினால், அதை மறந்துவிட வேண்டியதுதான். சிந்தித்துப் பார்த்தவர்கள் பேசியும் எழுதியும் வந்தபடியால், இன்று அது முக்கியமான படமாக மதிக்கப்படுகிறது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானபோது, படச்சுருள்களும் சாம்பலாயின. அதன் பின்னர், தம்பிஐயா தேவதாஸின் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை', கே. எஸ். சிவகுமாரனின் 'அசையும் படிமங்கள்' போன்ற நூல்களின் பெறுமதி பன்மடங்காயிற்று.

நேயர்களே, இன்று முகத்துவாரத்திலோ வெள்ளவத்தையிலோ இருக்கும் ஓர் இளைஞர், படம் முடிந்து வீடு சேருமுன்னரே கைத்தொலைபேசியில் நட்சத்திரங்களை இட்டுவிடுகிறார். தபாலட்டையின் பேரப்பிள்ளை அது, அதை வெறுப்பதற்கில்லை. ஆனால் நாளைய மாணவன் ஒருவன் நம் காலத்துப் படத்தையும் பாட்டையும் தேடி வரும்போது, மூன்றரை நட்சத்திரம் அவனுக்கு என்ன சொல்லும்? நட்சத்திரத்தின் கீழே ஒரு காரணத்தையும் எழுதிவைத்தால், அடியார்க்குநல்லார் நமக்குச் செய்த உதவியை நாமும் அவனுக்குச் செய்தவர்களாவோம்.