சுங்கானும் புகையிலையும்

லண்டன் நகரத்தின் ஊடே ஓடும் தேம்ஸ் நதியில், கடல் ஓதம் வடிந்து நீர் இறங்கிக் கரைச் சேறு வெளிப்படும் வேளைகளில், கூழாங்கற்களுக்கும் ஓட்டுச் சில்லுகளுக்கும் நடுவே விரல் நீளமுள்ள வெள்ளைக் குழல் துண்டுகள் எண்ணற்றுக் கிடப்பதைக் காணலாம். பார்வைக்குப் பறவை எலும்பு போலத் தோன்றும் அவை, முந்நூறு ஆண்டுகளாக அந்நகரத்து ஜனங்கள் புகை குடித்துவிட்டு எறிந்த களிமண் சுங்கான்களின் உடைந்த தண்டுகள். சிற்சில சமயம் தண்டோடு கிண்ணமும் முழுதாகக் கிடைப்பதுண்டு. அவற்றுள் மிகப் பழையவற்றின் வாய், சுண்டுவிரல் நுனியும் தாராளமாக நுழையாத அளவுக்குச் சிறியது. இத்தனை சிறிய கிண்ணத்தில் மனிதர் யாரேனும் புகை குடித்திருக்கக்கூடுமா என்று பிற்காலத்தவர் அதிசயித்து, அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இவற்றைக் குட்டித் தேவதைகளின் சுங்கான்கள் என்றே அழைத்து வந்தார்கள்.

குடித்தவர்கள் மனிதர்கள்தாம், கிண்ணத்தைச் சிறுக்கச் செய்தது புகையிலையின் கிரயம். கையிலிருக்கும் சொற்பக் காசைச் சுங்கானில் போடுவதா, புகையிலையில் போடுவதா என்ற கேள்வி இந்தப் பழக்கத்துக்கு ஆட்பட்ட சாமானியர் ஒவ்வொருவர் முன்னும் எக்காலத்தும் நின்றிருக்கிறது. அதற்கு ஒவ்வொரு தலைமுறையும் கண்ட விடை அந்தக் கிண்ணத்தின் அளவிலேயே பதிந்திருப்பதாக நான் கருதுகிறேன்.

இங்கிலாந்தில் 1573-லேயே, சிறு அகப்பை போன்றதொரு கருவியால் இந்த இலையின் புகையை உள்ளிழுக்கும் வழக்கம் இருந்ததை வில்லியம் ஹாரிஸன் குறித்து வைத்திருக்கிறார். வர்ஜீனியாவின் பூர்வகுடிகள் இலையை உலர்த்திப் பொடித்துக் களிமண் குழல்களில் இட்டுப் புகைத்ததைத் தாமஸ் ஹாரியட் 1588-ல் வெளியான தம் நூலில் விவரித்தார். ஆனால் அக்காலத்துச் சாதாரணக் குடியானவனின் நிலைமையை நமக்குக் கண்ணெதிரே காட்டுபவர் ஜான் ஆப்ரிதான். வில்ட்ஷயரில் பிறந்த அவர், தம் ஊர்ப்பக்கத்து வயோதிகர்கள் சொல்லக் கேட்டவற்றை எழுதி வைத்தார். செல்வர்கள் வெள்ளிச் சுங்கான் வைத்திருந்தார்களாம்; மற்றவர்களுக்கு வாதுமைக் கொட்டையைப் போன்ற வால்நட்டின் ஓடும் ஒரு வைக்கோல் துரும்புமே போதுமானவையாக இருந்தனவாம். மேஜையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஒரே சுங்கானைக் கைமாற்றிக் கைமாற்றிப் புகைத்திருக்கிறார்கள். எடைக்கு எடை வெள்ளி கொடுத்துப் புகையிலை வாங்கிய நாட்கள் அவை. ஆகவே மாம்ஸ்பரி, சிப்பனம் சந்தைகளுக்குப் போகிறவர்கள், தராசின் மறுதட்டில் வைப்பதற்கென்று தங்களிடமுள்ள ஷில்லிங்குகளில் பெரியவையாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துப் போனார்கள் என்றும் அவர் சொல்கிறார். இலை வெள்ளிக்குச் சமானமாகவும் குழல் துரும்புக்குச் சமானமாகவும் இருந்த அந்த நாளில், காசு எதற்குச் செலவாகும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் எழ நியாயமில்லை.

போதாக்குறைக்கு அரசரும் சேர்ந்துகொண்டார். முதலாம் ஜேம்ஸ் மன்னர் புகையிலையை மனப்பூர்வமாக வெறுத்தவர். மூளைக்கும் நுரையீரலுக்கும் அது கேடு என்று 1604-ல் தாமே ஒரு கண்டன நூலை எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில், ராத்தல் ஒன்றுக்கு 2 பென்ஸாக இருந்த சுங்க வரியை 6 ஷில்லிங் 10 பென்ஸாக உயர்த்தினார். அதாவது 41 மடங்கு! கண்டனத்தைப் படித்துப் பழக்கத்தை விட்டவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. ஏனெனில், பதினைந்து ஆண்டுகள் சென்றபின், அதே மன்னர் 1619-ல் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்த சுங்கான் செய்வோர் சங்கத்துக்குத் தம் முத்திரையிட்ட சாஸனத்தை வழங்கும்படி அந்தத் தொழில் வளர்ந்துவிட்டிருந்தது. நுரையீரலைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை இருந்ததென்பதை இன்றைய வைத்திய சாஸ்திரம் நிரூபித்திருக்கிறது.

இதற்கிடையே ஜான் ரால்ஃப் என்பவர் 1612 வாக்கில் வர்ஜீனியாவில் ஸ்பானிய ஜாதிப் புகையிலையைப் பயிரிட்டு வெற்றி கண்டார். 1619-ல் அங்கே முதல் தரப் புகையிலைக்கு ராத்தல் 3 ஷில்லிங் என்று விலை நிர்ணயித்தார்கள். 1630-ஐ ஒட்டி, அளவுக்கு மிஞ்சி விளைந்ததால், அது ஒரு பென்னிக்கும் கீழே இறங்கிவிட்டது. பின்னாளில் அந்த மலிவு நிலைபெற்றதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பே அடிப்படையாக இருந்தது என்பதை, சுங்கானின் சரித்திரம் எழுதுகிறவர்கள் மறைத்துவிட்டுப் போகலாகாது. ஏழை ஆங்கிலேயனின் கிண்ணம் பெரிதானதற்கு வேறொரு கண்டத்து ஏழை விலை கொடுத்தான்.

கிண்ணம் மெய்யாகவே பெரிதாயிற்று. கிண்ணம் பருக்கப் பருக்கத் தண்டும் நீண்டது. தண்டு நீளவே உள்ளே ஓடும் துளை மெலிந்தது. ஜே. ஸி. ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர், குடியேற்ற இடங்களில் அகழ்ந்தெடுத்த துண்டுகளின் துளைகளை அளந்து, ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 9 பங்காக இருந்த துளை, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 4 பங்காகக் குறைந்துவிட்டதை 1954-ல் எடுத்துக் காட்டினார். பூமியைத் தோண்டி ஒரு வீட்டின் அஸ்திவாரத்தைக் காண்பவர்கள், அங்கே கிடைக்கும் தண்டுகளின் துளையைக் கொண்டே அந்த வீட்டின் காலத்தை இன்றும் மதிப்பிடுகிறார்கள்.

இந்தத் துளையை இட்டவர்களின் கைத்திறனை எவ்வளவு சொன்னாலும் தகும். டெவன், டார்ஸெட் சீமைகளிலிருந்து வரும் வெண்களிமண்ணைப் பிசைந்து, ஒரு முனை பருத்த திரியாக உருட்டிச் சற்றே இறுக விடுவார்கள். பிறகு தொழிலாளி இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து, இடக்கை விரல்களின் ஸ்பரிசத்தையே கண்ணாகக் கொண்டு, மெலிந்த தண்டின் நட்ட நடுவே பக்கவாட்டில் பிளந்து வெளிவராதபடி செலுத்துவான். கம்பியோடு சேர்த்து அதை இரட்டை அச்சில் வைத்து இறுக்கி, மேலிருந்து ஓர் அடைப்பானை அழுத்தினால் கிண்ணம் குழிந்துவிடும். அச்சின் தழும்புகளைச் செதுக்கிச் சீராக்குவது பெரும்பாலும் பெண்களின் வேலை. உலர்த்திச் சூளையில் அடுக்கிச் சுட்ட அந்தச் சுங்கான்களைப் பன்னிரண்டு டஜன் கொண்ட குரோஸ் கணக்கில் விற்றார்கள். ஷ்ராப்ஷயரில் உள்ள ப்ரோஸ்லி என்ற ஊர் இத்தொழிலுக்கு மிகவும் பிரசித்தமானது. அங்கே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சூளை எரிந்து கொண்டிருந்தது.

அற்ப விலையுள்ள இந்த வஸ்துவிலும் உயர்வு தாழ்வு பார்த்தவர்கள் இருந்தார்கள். ஏம்ஸ்பரி ஊர்ச் சுங்கான்களின் கிண்ணத்துக்கு அடியிலுள்ள குதிகாலில் கையுறை வடிவம் முத்திரையாக இருக்கும். அவைதாம் மிகச் சிறந்தவை என்று தாமஸ் ஃபுல்லர் எழுதி, அதைப் பற்றி ஒரு வழக்கையும் சொல்கிறார். அந்த முத்திரைக்கு நல்ல விற்பனை இருப்பதைக் கண்ட வேறொருவன் தன் மட்டச் சரக்கிலும் கையுறையைப் பொறித்துவிட்டான். முத்திரைக்கு உரியவன் வழக்குத் தொடுத்தான். குற்றவாளியாகும் நிலையிலிருந்த பிரதிவாதி எழுந்து, அவனுடைய கையுறையின் கட்டை விரல் ஒரு பக்கமும் தன்னுடையதன் கட்டை விரல் மறுபக்கமும் இருப்பதால் இரண்டும் ஒரே முத்திரை ஆகமாட்டா என்று வாதித்துத் தப்பித்துக்கொண்டானாம். விலையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாத பண்டத்துக்காக நியாயஸ்தலம் வரை போக நேர்ந்திருக்கிறது என்றால், வாங்குகிறவன் குதிகாலைத் திருப்பிப் பார்த்தே வாங்கினான் என்பது தெளிவு.

சத்திரங்களிலோ சுங்கானுக்குத் தனிக் கணக்கே இராது. பலர் வாய் பட்டு அழுக்கேறியவற்றை ஓர் இரும்புக் கூட்டில் கிடத்தி நெருப்பில் சுட்டெடுத்தால் அவை மறுபடியும் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. துருக்கியின் எஸ்கிஷெஹிர் பிரதேசத்தில் தோண்டி எடுக்கப்படும், மாக்கல் போன்று மிருதுவான மீர்ஷாம் கல்லில் வியன்னா நகரத்துச் சிற்பிகள் முகங்களும் குதிரைகளும் செதுக்கிக் கொடுத்தார்கள். அவற்றைச் செல்வர்கள் வாங்கினார்கள். நடுத்தர மனிதனுக்கு விடை வேறிடத்திலிருந்து வந்தது. பிரான்ஸின் ஜூரா மலையில், ஸான் க்ளோத் என்ற ஊரில் வழிவழியாக ஜபமாலை மணிகள் கடைந்து வந்த மரத்தச்சர்கள், 1850-களில் மத்தியதரைக் கடற்கரைகளில் வளரும் ஒருவகைப் புதரின் வேர்க்கணுவைக் கடையத் தொடங்கினார்கள். பிரையர் என்று பெயர் பெற்ற அந்தக் கட்டை, கொதிநீரில் வெந்து, சாறு போய், மாதக்கணக்கில் உலர்ந்த பின்னர், நெருப்பை உள்ளே வைத்தாலும் எளிதில் கருகாத குணம் படைத்தது. அன்று முதல் சுங்கான் என்பது உடைத்து எறியும் ஓட்டுச் சாமானாக இல்லாமல், ஆயுள் முழுதும் உடன் வரும் உடைமையாயிற்று.

அதற்கும் வகையற்றவனை அமெரிக்க நாடு கைவிடவில்லை. மிஸூரி மாகாணத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில், ஹாலந்திலிருந்து குடியேறிய ஹென்றி டிபி என்னும் மரத்தச்சர் 1869-ல் மக்காச்சோளக் கதிரின் சக்கையைக் கடைந்து சுங்கான் செய்தார். அதன் நுண்துளைகளைச் சாந்தால் அடைக்கும் முறைக்கு 1878-ல் காப்புரிமையும் பெற்றார். அந்தச் சுங்கானுக்குச் சூட்டப்பட்ட பெயர் மிஸூரி மீர்ஷாம்!

நம் நாட்டில் இந்தப் பங்கீட்டுப் பிரச்னையே எழாத ஒரு மார்க்கம் இருந்தது. சுருட்டு என்ற நம் தமிழ்ச் சொல்லைத்தான் ஆங்கிலேயர் உருமாற்றி வழங்குகிறார்கள். இலையே குழலாகச் சுருண்டுவிடுவதால் குழலுக்கென்று தனியாகக் காசு வேண்டியதில்லை. திருச்சினாப்பள்ளிச் சுருட்டின் சாம்பலைக் கண்டே இனம் அறியும் திறமையை, 1887-ல் வெளியான முதல் கதையிலேயே ஷெர்லக் ஹோம்ஸுக்குக் கானன் டாயில் அளித்திருக்கிறார். அதே துப்பறிவாளர் பிற கதைகளில் களிமண் சுங்கானையும் பிரையரையும் மாற்றி மாற்றிப் புகைக்கிறார்.

நிலையான சுங்கான் கிடைத்துவிட்டதும் மனம் இலையின் நயத்தை நாடியது. ஜே. எம். பாரி 1890-ல் எழுதிய நூலில், ஆர்க்கேடியா என்று பெயர் மறைத்துப் புகழ்ந்த கலவை எது என்று வாசகர்கள் ஏங்கினார்கள். அது கரேராஸ் கடையின் கிரேவன் கலவையே என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். ஆல்ஃப்ரெட் டன்ஹில் 1907-ல் லண்டன் ட்யூக் தெருவில் கடை வைத்தபோது, ஒவ்வொரு வாடிக்கைக்காரரின் ருசிக்கும் தனித்தனியே இலை கலந்து, அந்த விகிதத்தை எண்ணிட்டுப் பேரேட்டில் பதிந்துகொண்டார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, டாலர் பஞ்சத்தில் சிக்கிய பிரிட்டிஷ் அரசாங்கம் 1947 ஏப்ரலில் புகையிலைத் தீர்வையை ராத்தலுக்கு 35 ஷில்லிங் 6 பென்ஸிலிருந்து 54 ஷில்லிங் 10 பென்ஸாக ஏற்றியது. ஜேம்ஸ் மன்னரின் காலம் திரும்பி வந்தது போலாயிற்று. வாழ்நாளெல்லாம் புகை குடித்துப் பழகிய வயோதிகர்கள் தங்கள் சொற்ப ஓய்வூதியத்தில் இந்தச் சுமையைத் தாங்கமாட்டார்கள் என்று கண்டு, அவர்களுக்கு மட்டும் வாரம் 2 ஷில்லிங் 4 பென்ஸ் பெறுமானமுள்ள சலுகைச் சீட்டு வழங்கப்பட்டது. சீட்டைக் கொடுத்து இலை வாங்கிக்கொண்டு கடை வாசலில் நின்ற கிழவர், சட்டைப் பையிலிருந்து எடுத்தது, வாலிபத்தில் வாங்கி விளிம்பு தேய்ந்துபோன அதே பிரையர்ச் சுங்கானை.