விதி வகுத்த இளைஞர் இருவர்

ஆட்டம் பிறந்தால் மட்டும் போதாது. அதற்கு விதியும் பிறத்தல் வேண்டும்.

கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் உடல் தளராதிருக்கக் கால்பந்தாட்டக் கழகம் அமைக்கலாம் என்று 1858-இல் மெல்போர்ன் பத்திரிகையொன்றுக்கு எழுதினார் டாம் வில்ஸ் என்னும் இளம் வீரர். மறு ஆண்டு, தமது 23-ஆம் வயதில், நண்பர் சிலருடன் பத்து விதிகளை வகுத்தார். ஆஸ்திரேலியக் கால்பந்தின் தொடக்கம் அதுவே.

நம் நீலகிரிக்கும் இத்தகைய பெருமை உண்டு. 1875-இல் ஜபல்பூர்ப் படைமுகாமில் நெவில் சேம்பர்லின் என்னும் 19 வயது அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேஜையில் நிறப்பந்துகளைச் சேர்த்துப் புதியதோர் ஆட்டம் கண்டார். எளிய பந்தைத் தவறவிட்ட தோழரை, படைக்கல்லூரியின் புதுமுக மாணவரைக் குறிக்கும் ‘ஸ்னூக்கர்’ என்னும் சொல்லால் கேலி செய்தார். அதுவே ஆட்டத்தின் பெயராயிற்று.

ஆப்கானியப் போரில் காயமுற்ற பின், சென்னைப் படைத் தளபதி ராபர்ட்ஸின் பணியில் அவர் உதகை சேர்ந்தார். 1882-இல் உதகமண்டலம் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்னூக்கர் விதிகள் எழுதி மாட்டப்பட்டன.

பிற்காலத்தில் ஆட்டத்தின் பிறப்பிடம் குறித்து ஐயம் எழுந்தது. 1938-இல், 82 வயது முதியவரான சேம்பர்லின், லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் தம் உரிமையை நிலைநாட்டினார். பிறர் சிலரும் அவருக்குத் துணைநின்றனர்.

நம் கிட்டிப்புள்ளும் பல்லாங்குழியும் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. அவற்றின் விதிகள் முதியோர் நினைவில் மட்டும் இருந்தால் அவர்களோடு மறையும். ஏட்டில் எழுதிவைப்பது நம் கடமையன்றோ?