மின்னஞ்சல் அனுப்புநர் சான்று: சதுரங்கப்பட்டினம் முதல் டிமார்க் வரை

ஒரு கடிதத்தில் காணப்படும் பெயருக்கு உரியவர்தான் அதை உண்மையில் அனுப்பினாரா என்று உறுதி செய்வது அனுப்புநர் சான்று எனப்படும். மின்னஞ்சலில் இப்பணியை எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்னும் மூன்று முறைகள் செய்கின்றன. ஆனால் இந்தச் சிக்கல் மின்னஞ்சலோடு பிறந்ததன்று. பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரியின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

ஏற்கப்படாத ஆவணங்கள் (1754)

1742 முதல் 1754 வரை புதுச்சேரியின் ஆளுநராக இருந்தவர் டூப்ளே. ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ஒருவரையும் ஆங்கிலேயர்கள் மற்றொருவரையும் ஆதரித்துப் போரிட்டனர். அமைதி பேசுவதற்காக 1754 ஜனவரியில் இரு தரப்புத் தூதர்களும் டச்சுக்காரர் வசமிருந்த சதுரங்கப்பட்டினத்தில் கூடினர். ஆங்கிலேயர் சார்பில் பால்க், வான்சிட்டார்ட் ஆகியோர் வந்தனர்.

டூப்ளேயின் அதிகாரத்துக்கு ஆதாரமாகத் தக்காண ஆட்சியாளர்களின் ஆணைகளையும், முகலாயப் பேரரசர் பெயரிலான கடிதம் ஒன்றையும் பிரெஞ்சுத் தூதர்கள் முன்வைத்தனர். ஆங்கிலேயர் அவற்றை ஏற்கவில்லை, போலி என்றனர். பேச்சு முறிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரான்சிலிருந்து வந்த கோதேயு, டூப்ளேயிடமிருந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

ஆவணத்தை அந்த இடத்திலேயே சரிபார்க்க, இரு தரப்பும் நம்பும் பொதுப் பதிவேடு எதுவும் அன்று இல்லை. டெல்லியோ வெகு தொலைவில் இருந்தது. ஆவணத்தைக் காட்டுபவரின் சொல்லை நம்ப வேண்டும். இல்லையேல் மறுக்க வேண்டும். மின்னஞ்சலும் தன் தொடக்க காலத்தில் இதே நிலையில்தான் இருந்தது.

முத்திரை இல்லாத அஞ்சல்

கணினி வலையமைப்பு வழியாக முதல் மின்னஞ்சலை 1971இல் அனுப்பியவர் ரே டாம்லின்சன். மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான எஸ்.எம்.டி.பி. விதிமுறையை 1982இல் ஜான் போஸ்டல் வெளியிட்டார். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களே அன்று வலையமைப்பைப் பயன்படுத்தினர். ஆகவே அனுப்புநரைச் சோதிக்கும் வழி எதுவும் அதில் வைக்கப்படவில்லை.

பள்ளியில் கடிதம் எழுதும்போது மாணவர்கள் "அனுப்புநர்" என்ற பகுதியை எழுதுவர். அதே முகவரியை உறையின் மீதும் எழுதுவர். மின்னஞ்சலிலும் இவ்வாறு இரண்டு முகவரிகள் உண்டு. உறை முகவரியை அஞ்சல் வழங்கிகள் மட்டும் பார்க்கும். உள்முகவரியை வாசகர் பார்ப்பார். இரண்டிலும் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுத முடிந்தது. மோசடிக்காரர்களுக்கு இதுவே வழியாயிற்று.

மூன்று பாதுகாப்புகள்

1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ்., இணையப் பெயர்களுக்கான பொதுப் பதிவேடு ஆகும். யாரும், எந்நேரமும், எங்கிருந்தும் அதைக் கேட்டறியலாம். மூன்று பாதுகாப்பு முறைகளும் இதன் மீதே கட்டப்பட்டன.

எஸ்.பி.எஃப். (2006): ஒரு டொமைனின் பெயரால் அஞ்சல் அனுப்ப எந்தெந்த வழங்கிகளுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல். இது உறை முகவரியைச் சோதிக்கிறது.

டி.கே.ஐ.எம். (2007): அஞ்சலில் இடப்படும் மின்கையொப்பம். யாஹூ, சிஸ்கோ நிறுவனங்களின் முயற்சிகள் இணைந்து உருவானது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவி டி.என்.எஸ்.ஸில் வைக்கப்படும்.

டிமார்க் (2012இல் அறிமுகம், 2015இல் ஆவணமாக வெளியீடு): மேற்கண்ட இரண்டில் ஒன்றேனும் தேறி, அது சோதித்த டொமைன் வாசகர் பார்க்கும் டொமைனோடு பொருந்துகிறதா என்று கேட்கிறது. பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதை டொமைனின் உரிமையாளரே அறிவிக்கலாம்: அப்படியே விடுதல், ஐயத்துக்குரியதாக ஒதுக்குதல், முற்றிலும் மறுத்தல்.

பெயர்ப் பொருத்தம்

பாண்டிச்சேரி என்ற ஆட்சிப்பகுதியின் பெயர் 2006 அக்டோபர் 1 முதல் புதுச்சேரி என மாற்றப்பட்டது. புதுச்சேரி, பாண்டி, புதுவை எல்லாம் ஒரே ஊர் என்பது தபால்காரருக்குத் தெரியும். எந்தப் பெயரில் எழுதினாலும் கடிதம் வந்து சேரும். கணினிக்கு அந்த ஊரறிவு இல்லை. அது எழுத்துகளை மட்டுமே ஒப்பிடும்.

ஒரு கல்லூரி பழைய பெயரில் ஒரு டொமைனும் புதிய பெயரில் ஒரு டொமைனும் வைத்திருப்பதாகக் கொள்வோம். அஞ்சலில் புதிய பெயர் தெரிகிறது. உறையிலும் கையொப்பத்திலும் பழைய பெயர் இருக்கிறது. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டும் தேறினாலும் டிமார்க் தேறாது. சேர்க்கை அறிவிப்பு மாணவரின் ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். அவர் கடைசி நாளைத் தவறவிடலாம். போலியைத் தடுக்க வந்த காவல், உண்மையானவரையும் வாசலில் நிறுத்திவிடும்.

எச்சரிக்கை வந்தால் பார்க்க வேண்டியவை

1. அஞ்சலின் முழுத் தலைப்பைத் திறந்து, மூன்று சோதனைகளின் முடிவுகளையும் தனித்தனியே படிக்க வேண்டும்.
2. வாசகருக்குத் தெரியும் டொமைன், உறையின் டொமைன், கையொப்பத்தின் டொமைன் ஆகிய மூன்றையும் அருகருகே எழுதி ஒப்பிட வேண்டும். தளர்வான பொருத்தத்தில் துணை டொமைன் இருந்தால் போதும். கண்டிப்பான பொருத்தத்தில் முழுப்பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.
3. கட்டண ரசீது, குறுஞ்செய்தி மடல் போன்றவற்றை அனுப்பும் வெளி நிறுவனம் தன் சொந்தப் பெயரில் கையொப்பமிடுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிழை இங்கேதான் இருக்கும். நம் டொமைனின் பெயரால் கையொப்பமிடும்படி அமைப்பது தீர்வாகும்.
4. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்க வேண்டும்; அதைச் சரிபார்க்கையில் டி.என்.எஸ்.ஸிடம் கேட்கும் கேள்விகள் பத்தைத் தாண்டக்கூடாது.
5. எல்லாம் பொருந்தும் வரை டிமார்க்கை "அப்படியே விடுதல்" நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைப் படித்த பின்னரே கடுமையாக்க வேண்டும்.

இன்றைய நிலை

ஒரு நாளில் 5,000க்கும் மேற்பட்ட அஞ்சல்களை ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் கட்டாயம் அமைக்க வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரி முதல் விதித்தது. யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு இத்தகைய விதியைக் கொண்டுவந்தது.

இச்சோதனைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. அவை டொமைனை மட்டுமே உறுதி செய்கின்றன. அனுப்புநரின் நேர்மையை அல்ல. ஓர் எழுத்தை மாற்றிப் பதிவு செய்த போலி டொமைனும் மூன்று சோதனைகளிலும் தேறிவிடும். சதுரங்கப்பட்டினத்தில் இல்லாத பொதுப் பதிவேடு இன்று இருக்கிறது. அதில் உள்ள பெயர் தான் அறிந்த பெயர்தானா என்று எழுத்தெழுத்தாகப் பார்ப்பது இன்றும் வாசகரின் பொறுப்பே.