பல்லுக் கழட்டின கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் படிப்பிக்கும் எனக்கு ஒவ்வொரு தவணையும் வரும் கடிதம் ஒன்று உண்டு: "மகனுக்கு பல்லு வலி, வரவில்லை." மூன்று நாளைக்குப் பிறகு கன்னம் வீங்கிப் போய் பிள்ளை வருவான். வாப்பாவிடம் கேட்டால் ஒரே பதில்தான். "அத கழட்டிட்டா சரி தானே சேர்?" வெள்ளவத்தையில் இருக்கும் என் கூட்டாளிமாரும் இதையே சொல்கிறார்கள், கொஞ்சம் நல்ல தமிழில். பல் வைத்தியம் என்றால் கழட்டுவது, கழட்டுவது என்றால் வலி, ஆகவே முடிந்தவரை போகாமலிருப்பது. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றை எழுதுகிறேன்.

சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த சத்திர வைத்தியர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. 1013ஆம் ஆண்டளவில் வபாத்தானவர். அவருடைய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பாகம். கடைசிப் பாகம் முழுக்க சத்திர சிகிச்சை, ஆயுதங்களின் படங்களோடு. பல்லில் படியும் காறையைச் சுரண்ட வெவ்வேறு வடிவத்தில் சுரண்டிகளை வரைந்து காட்டியிருக்கிறார். இன்று ஸ்கேலிங் என்று நாம் காசு கொடுத்துச் செய்வதன் முன்னோடி அது. ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் பக்கத்துப் பல்லோடு கட்டவும் சொல்லித் தருகிறார்.

கழட்டுவதைப் பற்றி அவர் சொல்வதுதான் முக்கியம். அவசரப்படாதே, வேறு வழி இல்லாவிட்டால் மட்டும் எடு என்கிறார். எந்தப் பல் வலிக்கிறது என்பதில் நோயாளியே ஏமாந்து போவான், நல்ல பல்லைக் காட்டுவான், அதைப் பிடுங்கிய பிறகும் வலி அப்படியே நிற்கும் என்று எச்சரிக்கிறார். அந்தக் காலத்து நாவிதர்கள் முடியும் வெட்டுவார்கள், இரத்தமும் குத்தி எடுப்பார்கள், பல்லும் பிடுங்குவார்கள். நம் ஊர்களில் கத்னா செய்த ஒஸ்தா மாமாவை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரி ஆட்கள். அவர்களில் விஷயம் தெரியாதவர்களை ஸஹ்ராவி கடுமையாகவே ஏசுகிறார். இன்றைக்கு டொக்டர் பல்லை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதும், எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். "காசு பறிக்க எக்ஸ்ரே கேக்கிறார்" என்று முணுமுணுப்பவர்கள் கவனிக்கவும்.

ஆனால் ஸஹ்ராவியிடமும் ஒன்று இருக்கவில்லை. வலியை நிறுத்தும் மருந்து. கழட்டுபவரின் திறமை என்றால் வேகம், அவ்வளவுதான். அது மாறியது 1844இல். அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் ஒரு கண்காட்சியில் சிரிப்பு வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் காயம் பட்டும் வலி தெரியாமல் இருந்ததைக் கண்டார். அடுத்த நாளே அந்த வாயுவை முகர்ந்து தன் பல்லையே கழட்டச் செய்தார். வலிக்கவில்லை. பிறகு பொஸ்டனில் வைத்தியர்கள் முன் செய்து காட்டப் போனபோது நோயாளி சத்தம் போட்டுவிட, கூட்டம் அவரைக் கேலி செய்து அனுப்பியது. 1846இல் அவரோடு முன்பு தொழில் செய்த வில்லியம் மோர்ட்டன் ஈதரை வைத்து வெற்றி கண்டார். உலகத்தில் இன்று நடக்கும் பெரிய ஒப்பரேஷன்களுக்கு எல்லாம் வழி திறந்தவர்கள் இந்தப் பல் வைத்தியர்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நமக்குப் போடுகிற விறைப்பு ஊசியின் கதை வேறு. 1884இல் கார்ல் கொல்லர் கொக்கெயின் கண்ணை மரக்கச் செய்வதைக் காட்டினார். அதைக் கீழ்த்தாடை நரம்புக்குப் பக்கத்தில் ஏற்றினால் அந்தப் பக்கத் தாடையே விறைக்கும் என்று வில்லியம் ஹால்ஸ்டெட் கண்டுபிடித்தார். கொக்கெயினின் ஆபத்து தெரிந்த பிறகு நொவோகெயின் வந்தது. 1943இல் சுவீடனில் நில்ஸ் லொஃப்க்ரென் லிக்னோகெயினைத் தயாரித்தார். இன்றும் பெரும்பாலும் அதுதான். கடைவாயில் ஒரு ஊசி, பாதி உதடும் பாதி நாக்கும் தடித்துப் போகும். அதன் பிறகு அழுத்தம் தெரியும், இழுப்பது தெரியும், வலி தெரியாது. அழுத்தத்தை வலி என்று நினைத்துப் பயப்படுபவர்கள்தான் அதிகம். ஆனால் சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் இந்த மருந்து சரியாக வேலை செய்யாது. "எனக்கு ஊசி பிடிக்கல்ல" என்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் வீங்கும்வரை காத்திருந்தவர்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பழைய கொழும்பில் சீனர்கள் என்றால் துணி, சாப்பாட்டுக் கடை, பல் என்று சொல்லலாம். ஹூபெய் மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் தொழிலை வாப்பாவிடமிருந்து மகன் என்று கைப்பழக்கமாகக் கற்றவை. பல் செட் கட்டுவதும் தங்கப் பல் பொருத்துவதும் அவர்கள் கைவேலை. அந்தக் காலத்து செட்டின் சிவந்த அடித்தட்டு கெட்டியாக்கிய இறப்பரால் ஆனது. 1876இல் ஹெனரத்கொடையில் நட்ட கன்றுகளிலிருந்து இந்த நாட்டில் இறப்பர் பரவியது. கொழும்பு துறைமுகத்தில் ஏற்றிய இறப்பர் யாருடைய வாயிலோ பல்லாகத் திரும்பி வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. தலைமுறைகளாக இங்கே வாழ்ந்தும் நாடற்றவர்களாக இருந்த அந்தச் சீனர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2008இல்தான் வந்தது. நம் மூத்தவர்களின் வாயைச் சிரிக்கவைத்தவர்கள் என்பதால் இதையும் எழுதி வைக்கிறேன்.

பட்டம் பெற்ற பல் வைத்தியர்களை இங்கேயே உருவாக்கும் படிப்பு 1943இல் கொழும்பு மருத்துவ பீடத்தில் தொடங்கி, 1954இல் பேராதனைக்குப் போனது. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் பாடசாலை டென்டல் நேர்ஸ்மார் வந்தார்கள். நியூசிலாந்தில் 1921இல் தொமஸ் ஹன்டர் தொடங்கிய முறை அது: பிள்ளையின் பல்லை அடைத்துக் காப்பாற்ற, பாடசாலைக்குள்ளேயே பயிற்சி பெற்ற பெண்கள். 1950இல் நம் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டில் உருவான கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவ, மகரகமையில் பயிற்சிப் பாடசாலை அமைந்தது. கழட்டுவதை விட்டுக் காப்பாற்றுவது என்ற எண்ணம் இந்த நாட்டு வகுப்பறைகளுக்கு வந்தது அவர்களால்தான். எழுபது வருடமாகியும் அந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

கழட்டத்தான் வேண்டும் என்று வந்தால் என்ன நடக்கும்? நேரான பல்லென்றால் ஊசிக்குப் பிறகு சில நிமிட வேலை. படுத்துக் கிடக்கும் ஞானப்பல் என்றால் முரசை வெட்டி ஒதுக்கி, எலும்பைச் சிறிது கடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தைப்பார்கள். பயங்கரமாகக் கேட்கும். ஆனால் சாதாரணமாக அதே நாள் வீட்டுக்கு வரலாம். அதன் பிறகு குழியில் உறையும் இரத்தக் கட்டிதான் உங்கள் மருந்து. அதைக் காப்பாற்றத்தான் பஞ்சைக் கடித்திருக்கச் சொல்வதும், முதல் நாள் துப்பாதே, கொப்பளிக்காதே, சிகரெட் பிடிக்காதே என்பதும். கட்டி கழன்றால் இரண்டு மூன்று நாளில் காது வரைக்கும் வலிக்கும். உப்புத் தண்ணீர் அடுத்த நாளிலிருந்துதான்.

அஸ்பிரின், வார்ஃபரின் குடிப்பவர்கள், சீனி வருத்தம் உள்ளவர்கள், இதய வால்வில் பிரச்சினை உள்ளவர்கள் ஊசி போட முன்பே சொல்லிவிடுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கழட்டாமல் தப்பும் வழியும் உண்டு. நரம்பு செத்த பல்லுக்கு ரூட் கெனல். உள்ளே சுத்தம் செய்து அடைப்பார்கள், சில வேளை இரண்டு மூன்று முறை போகவேண்டி வரும். அந்த அறையில் கராம்பு வாசம் அடித்தால் அது உம்மம்மா பஞ்சில் தொட்டு வைத்த அதே எண்ணெயின் சத்துத்தான், இன்றும் தற்காலிக அடைப்பில் கலக்கிறார்கள்.

கடைசியாக வட்டா. நம் கலியாண வீடுகளில் வெற்றிலை வட்டா இல்லாமல் சபை நிறையாது. 1952இல், கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களுக்கு வாய் திறக்க முடியாமல் இறுகிப் போயிருந்ததை ஒரு வைத்தியர் எழுதினார். காரணம் பாக்கு என்பது பிறகு தெளிவானது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2003இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்தது. இலங்கை ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பல் வலிக்கும், அதனால் ஒரு நாளைக்காவது டொக்டரிடம் போவோம். இந்தப் புண் ஆரம்பத்தில் வலிக்காது.

வெற்றிலை போடும் மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். அவர்களுடைய மூன்று விரல் நெடுக்காகப் பற்களுக்கிடையில் போக வேண்டும். கன்னத்தின் உள்ளே வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், மிளகாய் பட்டால் எரிச்சல், இவற்றில் ஏதாவது இருந்தால் வாட் பிளேஸ் பல் வைத்தியசாலைக்கு அழைத்துப் போங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் அது தூரமில்லை, அரசாங்க ஆஸ்பத்திரி.