ஊதா நிறமும் ஒரு மாத்திரையும்

போன வாரம் வயித்துக்கோளாறு. டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார். அட்டையைப் பார்த்ததும் படான்செரு ஞாபகம் வந்துடுச்சு. ஹைதராபாத் பக்கத்து ஊர். சுமார் 90 மருந்து ஆலைகளோட கழிவு வந்து சேர்ற சுத்திகரிப்பு நிலையம் ஒண்ணு அங்கே. சுத்தம் பண்ணி வெளியே விட்ட தண்ணியிலேயே இந்த மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததுன்னு 2007-ல ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினாங்க. மாத்திரை முழுங்கின என் ரத்தத்துல கூட அவ்வளவு இருக்காதுங்க!

வழக்கமான முறையில கழிவைத் தின்னுறது பாக்டீரியா. மருந்தோ பாக்டீரியாவைக் கொல்லப் பிறந்தது. அப்புறம் எப்படி?

இங்கதான் ஃபென்டன் வர்றார். 1876-ல கேம்பிரிட்ஜ் மாணவர். டார்டாரிக் அமிலம் (நம்ம புளியில இருக்கே, அதேதான்), இரும்பு உப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு மூணும் கலந்து காரம் சேர்த்தா ஊதா நிறம் வருதுன்னு சின்னதா ஒரு குறிப்பு போட்டார். விரிவான கட்டுரை 1894-ல. தண்ணி சுத்திகரிப்பெல்லாம் அவர் நினைப்புலயே இல்லை :-)

இரும்பு பெராக்சைடை உடைக்கும்போது ஹைட்ராக்சில் பிறக்குதுன்னு 1934-ல சொன்னவங்க ஹேபரும் வைஸும். பொல்லாத பயல் அது. ஆயுசு கண்ணிமைக்கிற நேரம் கூட இல்லை, அதுக்குள்ள பக்கத்துல இருக்குற மூலக்கூறைக் கடிச்சுடும். சிப்ரோவும் தப்பாது.

செலவு இருக்கு. தண்ணியை முதல்ல நல்லா புளிக்க வைக்கணும், அமில அளவு 3 கிட்ட. கடைசியில இரும்புச் சேறு மிஞ்சும். பாதி உடைஞ்ச துண்டுக்கும் வீரியம் இருக்கலாம். அதையும் சோதிச்சுத்தான் வெளியே விடணும்.