ஒட்டுவதும் அறைவதும்

விலை ஸ்டிக்கரை உரிக்க மறந்து புதுப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியவர்களுக்குத் தெரியும். முதலில் காகிதம் கருகும் வாசனை வரும். இறக்கிப் பார்த்தால் காகிதம் பாதி போயிருக்கும். அடியிலிருந்த கம் மட்டும் பழுப்புக் கறையாக எவர்சில்வரோடு ஒன்றிக் கிடக்கும். தேங்காய் நாருக்கும் அசையாது, சாம்பலுக்கும் அசையாது. அதே வீட்டுப் பரணில் பாட்டியின் பெயர் வெட்டிய பித்தளை அண்டா ஒன்று இருக்கும். எத்தனையோ கல்யாணங்களுக்கு விறகடுப்பில் ஏறி இறங்கியது. பெயரில் ஓர் எழுத்துகூடக் குறைந்திருக்காது.

லேபிள் அச்சடிக்கும் தொழிலில் இருப்பதால் எனக்கு அடிக்கடி ஒரு போன் வரும். "சார், 300 டிகிரி தாங்குற ஸ்டிக்கர் இருக்கா?" இருக்கிறது என்றாலும் முழு உண்மையாகாது, இல்லை என்றாலும் ஆகாது. வெப்பம் தாங்கும் லேபிள் என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான சரக்கு சந்தையில் இருக்கிறது. ஒன்று, மின்னணுச் சுற்றுப்பலகையில் ஒட்டும் பாலிஇமைடு ஸ்டிக்கர். மற்றது, உருக்காலையில் செக்கச்செவேலென்று வெளிவரும் பில்லெட்டின் முகத்தில் அறையும் உலோக டேக். பெயரைத் தவிர இரண்டுக்கும் பொதுவாக அதிகம் இல்லை.

முதலில் போர்டுக்குப் போவோம். செல்போனிலோ டிவியிலோ இருக்கும் பச்சைப் பலகையின் ஓரத்தில், சுண்டுவிரல் நகம் அளவில் வெள்ளைச் சதுரம் ஒன்று ஒட்டியிருக்கும். அதற்குள் கறுப்புப் புள்ளிகளாலான ஒரு கட்டம். அதுதான் அந்தப் போர்டின் பிறப்புச் சான்றிதழ். எந்த நாள், எந்த லைன், எந்த ரீலில் இருந்து வந்த சில்லு என்பதெல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் கணினியில் ஏறுகிறது. கணக்கு முதல் வேலையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதால் லேபிளையும் முதலிலேயே, வெறும் பலகையாக இருக்கும்போதே ஒட்டிவிடுகிறார்கள். அப்புறம் போர்டு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் அதுவும் போயாக வேண்டும்.

போகிற இடம் ரீஃப்ளோ அடுப்பு. சால்டர் பசை தடவிச் சில்லுகளை வைத்த போர்டு, சங்கிலிப் பாதையில் மெல்ல ஊர்ந்து உள்ளே போகிறது. ஈயமில்லாத சால்டர் 217 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். எல்லா இணைப்பும் சரியாகப் பிடிக்க உச்சத்தில் 240, 250 வரை ஏற்றுவார்கள். அந்த உச்சம் சில நொடிகள்தான். 217-க்கு மேலே இருக்கும் நேரமும் ஒன்று, ஒன்றரை நிமிஷம். இரண்டு பக்கமும் சில்லு இருந்தால் இன்னொரு முறை உள்ளே போக வேண்டும். வெளியே வந்ததும் சில ஆலைகளில் ரசாயனக் கழுவல் வேறு.

இந்தச் சில நிமிஷங்களில் சாதாரண லேபிள்கள் விதவிதமாகச் சாகின்றன. கடையில் பில் போடும் தெர்மல் காகிதம் நூறு டிகிரியை எட்டும்போதே முழுக்கக் கறுத்துவிடும். பாலியெஸ்டர் 150-லேயே சுருங்க ஆரம்பித்து 250-ஐ ஒட்டி உருகும். பாலிஇமைடுக்கு உருகுநிலையே கிடையாது. அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் 1960-களில் கேப்டான் என்ற பெயரில் கொண்டுவந்த தேன்நிறப் படலம் அது. அப்போலோ நிலவு ஊர்தியின் மேல் பொன்தகடு சுற்றியதுபோல் மின்னியதே, அது அலுமினியப் பூச்சுப் போட்ட இதே படலம். உருகாது என்பதால் என்றைக்கும் அழியாது என்று அர்த்தமில்லை. காற்றில் 250 டிகிரியில் வைத்தால் நொறுங்கிப்போக 8 வருஷம் ஆகும் என்கிறது டுபாண்டின் அட்டவணை. 300-ல் அது 3 மாதம். 350-ல் 6 நாள். 400-ல் வெறும் 12 மணி நேரம். ஐம்பது டிகிரி கூடக்கூட வருஷம் மாதமாகி, மாதம் நாளாகி, நாள் மணியாகிறது. "300 டிகிரி தாங்குமா" என்று கேட்பவர் எவ்வளவு நேரம் என்று சொல்லாவிட்டால் நான் எந்தப் பதிலைச் சொல்வது?

படலம் நல்ல சரக்கு. சிக்கலெல்லாம் அதன் மேலும் கீழும். மேலே வெள்ளைப் பூச்சு. தேன்நிறத்தின் மேல் கறுப்பு அச்சு தெளிவாகத் தெரியாது என்பதால் வெள்ளை அடித்தாக வேண்டும். அந்தப் பூச்சு 220 டிகிரியில் வெள்ளையாகவே இருக்கும், 250-ல் மஞ்சள் தட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குத் தடை போட்டதும் சால்டரின் உருகுநிலை 183-லிருந்து 217-க்கு ஏறிவிட்டது. அடுப்புச் சூடும் கூடவே ஏறியது. மஞ்சளாகிவிட்டது என்று லேபிளைத் திருப்பி அனுப்புகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு: ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு மஞ்சளும் வெள்ளை மாதிரிதான். கண்ணுக்கு அசிங்கமாக இருக்கும் லேபிளை ஸ்கேனர் ஒரே பார்வையில் படித்துவிடும். ஆனாலும் வாங்கும் இடத்தில் தரம் பார்ப்பவருக்குக் கண்தான் முக்கியம். அவரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

கீழே கம். போர்டு லேபிளுக்கு அநேகமாக அக்ரிலிக் கம்தான். சில நிமிஷம் 260 டிகிரியைத் தாங்கும்படி அதை இறுக்கிச் செய்திருப்பார்கள். அதைவிட வெப்பம் தாங்கும் சிலிகான் கம் இருக்கிறதே என்று கேட்கலாம். மின்னணுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சிலிகான் மெல்ல ஆவியாகிப் பக்கத்தில் படியும். அது படிந்த இடத்தில் பாதுகாப்புப் பூச்சு ஒட்டாது, ரிலேயின் தொடுமுனைகள் கெடும். தடிமனும் ஒரு தலைவலி. போர்டில் லேபிள் கொஞ்சம் உயர்ந்து நின்றாலும் சால்டர் பசை தடவும்போது மேலே வைக்கும் தகடு அங்கே தூக்கிக்கொள்ளும். தூக்கிய இடத்தில் பசை அதிகமாக இறங்கி, சில்லின் பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் படலம் 25 மைக்ரான், மிஞ்சினால் 50 மைக்ரான். இந்தத் தொழிலில் நான் தூக்கத்தை இழந்ததெல்லாம் டிகிரிக்காக இல்லை, மைக்ரானுக்காக.

உருக்காலையில் இந்தக் கவலை எதுவும் கிடையாது. அங்கே ஒரு மில்லிமீட்டர் என்ன, ஒரு விரற்கடை உயர்ந்து நின்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள். கவலை வேறு.

உலையில் ஒருமுறை உருக்கி ஊற்றும் இரும்பை 'ஒரு ஹீட்' என்பார்கள். ஒரு ஹீட்டுக்கு ஓர் எண். கார்பன் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்ற சோதனைச் சான்று முழுக்க அந்த ஹீட் நம்பரின் கீழ்தான். வார்ப்பு எந்திரத்திலிருந்து சதுரக் கம்பமாக இறங்கும் இரும்பை வாயுச் சுடரால் துண்டு போட்டால் அது பில்லெட். குளிர்மேடைக்கு வரும்போதும் 800, 900 டிகிரி இருக்கும். பத்தடி தள்ளி நின்றாலே முகம் காயும். ஆறியபிறகு எல்லாப் பில்லெட்டும் ஒரே சாம்பல் நிறம். ஈ.என்.8, ஈ.என்.19 என்ற இரண்டு கிரேடுகளைக் கலந்து அடுக்கிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. கிரைண்டரில் வைத்துப் பொறி பறக்கும் விதத்தைப் பார்த்தே இது இன்ன கிரேடு என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அச்சுத்தண்டு வாங்கும் கம்பெனி அவர்கள் வாய்ச்சொல்லை எழுதி வாங்கிக்கொள்ளாது. எண் வேண்டும்.

இங்கே லேபிள் வருவது தீக்குப் பிறகு. பொருள் தன் உச்ச வெப்பத்தைத் தாண்டிவிட்டது, இனி இறங்குமுகம்தான். போர்டு லேபிள் குளிர்ந்த பரப்பில் நிதானமாக ஒட்டிக்கொண்டு பிறகு சூட்டைப் பார்க்கிறது. பில்லெட் டேக்கோ எடுத்த எடுப்பிலேயே அதிகபட்சச் சூட்டில் போய் உட்கார வேண்டும், பிறகு மணிக்கணக்கில் அதோடு சேர்ந்து ஆற வேண்டும். நிமிஷக் கணக்கு இங்கே உதவாது. அலுமினியத் தகடு உதவாது, 660 டிகிரியிலேயே உருகிவிடும். எந்தக் கம்மும் உதவாது. உலகத்தில் இல்லாத கம் ஒன்றைக் கண்டுபிடித்தாலும் வேலைக்கு ஆகாது என்பதுதான் வேடிக்கை. சூடான இரும்பின் மேல்தோல் ஆறும்போது செதில் செதிலாக உரியும். ஸ்கேல் என்பார்கள். எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் ஸ்கேலில்தான் ஒட்டுவோம். அது உதிரும்போது லேபிளும் சேர்ந்து உதிரும். போர்டில் கம் தோற்கலாம்; இங்கே தோற்பது பரப்பே.

அதனால்தான் அறைதல். மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை ஆணியாலோ சிறு வெல்டிங் குமிழாலோ பில்லெட்டின் வெட்டுமுகத்தில் ஸ்கேலைத் தாண்டி உள்ளே பிடிக்க வைக்கிறார்கள். பெரிய ஆலைகளில் இதை ரோபோ செய்கிறது. தகட்டை லேசாக வளைத்து, பிடிக்கும் இடம் மட்டும் இரும்பைத் தொடுமாறும் எழுத்து உள்ள பகுதி காற்றில் எட்டி நிற்குமாறும் விடுவதுண்டு. அந்தச் சிறு இடைவெளி எந்தப் பூச்சையும்விட அதிக வேலை செய்யும். சூடான தோசைக்கல்லின் காதைத் துணி சுற்றிப் பிடிக்கிற அதே புத்திதான்.

எழுத்துக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பூச்சில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. போர்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாத சிலிகான் இங்கே நாயகன். அதிக வெப்பத்துக்கான பூச்சுகளில் நிறமிகளைப் பிடித்துவைப்பது சிலிகான் பிசின். சூடு ஏறும்போது அதிலிருக்கும் கரிமப் பகுதி எரிந்து போகும். மிஞ்சும் சிலிக்கா, மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே பொருள், நிறமியைத் தகட்டோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பாலிஇமைடு எரியாமல் தப்பிக்கிறது. இது எரிந்தபிறகுதான் கெட்டிப்படுகிறது. எண்ணையும் மைகொண்டு அச்சிடுவதில்லை, லேசரால் பூச்சையே கறுக்க வைக்கிறார்கள்.

இந்த வித்தியாசம் புரியாமல் நானே ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். இரும்பு உதிரிபாகங்களுக்கு டெம்பரிங் செய்யும் ஒரு பட்டறையில் 350 டிகிரி என்றார்கள். பாலிஇமைடு தாங்கும் என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். எத்தனை நேரம் என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு மணி நேரமாம். மறுவாரம் பட்டறைக்காரர் ஒரு பாலித்தீன் பையோடு வந்தார். உள்ளே என்னுடைய லேபிள்கள், நூறுக்கு மேல் இருக்கும். வெள்ளை பழுப்பாகியிருந்ததே தவிர எண்கள் பளிச்சென்று தெரிந்தன. ஸ்கேனரை வைத்தேன், ஒவ்வொன்றும் படித்தது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். எது எந்தப் பீஸோடதுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார். கம் சாம்பலாகி, லேபிளெல்லாம் உலைத்தட்டில் உதிர்ந்து கிடந்திருக்கிறது. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. அந்தப் பை இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

அவருக்கு டேக்கும் பொருந்தியிருக்காது. உள்ளங்கை அளவுப் பாகத்தில் ஆணி அறைய இடமேது? கம்பிபோட்டுக் கட்டுகிற தகடுதான் கடைசியில் கைகொடுத்தது. விலையிலும் இரண்டு சரக்கும் ஒன்றின் இடத்தை மற்றது எடுத்துக்கொள்ள முடியாதபடி விலகி நிற்கின்றன. நகமளவு ஸ்டிக்கர் ரோலாகச் சுற்றி வரும், எந்திரம் உரித்து உரித்து வைத்துக்கொண்டே போகும். தகட்டு டேக் ஒவ்வொன்றும் தனிப் பொருள், அறைவதற்குத் தனி ஏற்பாடு. பில்லெட்டின் எடைக்கு முன்னால் அந்தச் செலவு தெரியாது. போர்டுக்கு அது கட்டுப்படியாகாது.

இரண்டும் சேர்ந்து தோற்கிற இடம் ஒன்று உண்டு: துத்தநாகத் தொட்டி. கால்வனைசிங் செய்யும்போது இரும்பை முதலில் அமிலத்தில் முக்கி, பிறகு சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இறக்குவார்கள். டிகிரியைப் பார்த்தால் பில்லெட்டின் பாதிதான். ஆனால் அமிலம் பூச்சைத் தின்னும், துத்தநாகம் எண்ணின் மேலேயே படிந்து மூடும். அங்கே பெரும்பாலும் பழைய வழிதான். ஊருக்கு வெளியே வயலில் நிற்கும் உயரழுத்த மின்கோபுரத்தின் அருகே போக நேர்ந்தால் கால் சட்டங்களைப் பாருங்கள். துத்தநாகத்துக்கு அடியில் எழுத்தும் எண்ணுமாக ஆழமாகக் குத்திய அடையாளம் தெரியும். தொட்டிக்குப் போகும் முன்னாலேயே இரும்பில் குத்திவிட்டது. அந்த அடையாளத்துக்குக் கம்மும் வேண்டாம், ஆணியும் வேண்டாம்.

தீக்கு முன்னா, தீக்குப் பின்னா என்ற இந்தக் கணக்கு குயவர்களுக்கும் பானை வாங்கியவர்களுக்கும் எப்போதோ தெரிந்திருக்கிறது. ஆதன் என்று பெயர் கீறிய ஓடு அகழாய்வில் கிடைத்த கீழடியிலும், அப்படிப் பெயர்கள் கிடைத்த கொடுமணலிலும், பெரும்பாலானவை சுட்ட பானையில் பிறகு கீறியவை. ஈரமண்ணில் எழுதுவது செய்தவனுக்குத்தான் முடியும். வாங்கியவன் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் கீற முடியும்.

இப்போது போர்டுக்காரர்களும் லேபிளே வேண்டாம் என்று பச்சைப் பூச்சின் மேல் லேசரால் நேரடியாகப் பொறிக்கிறார்கள். உருக்காலைகளில் ஊசிமுனையால் குத்தும் எந்திரங்கள் இருக்கின்றன. பச்சையின் மேல் எழுத்து மங்கலாகத் தெரிவதும், குத்திய புள்ளிகள் ஸ்கேலோடு மறைவதும் என் பிழைப்பை இன்னும் கொஞ்ச காலம் ஓட்டும். போன மாதம் மகளின் புதுக்குடித்தனத்துக்கு ஒரு குக்கர் வாங்கினேன். கடைக்காரர் மூடியைத் திருப்பி, பெயர் வெட்டும் மெஷினை எடுத்து, பெயரைக் கேட்டார். சொன்னேன். கீழேயிருந்த விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "இனிஷியல் அப்பாவோடதா சார், வீட்டுக்காரரோடதா?" என்றார்.